ஆறு நாளும் ஏழு சோப்பும்

அன்புள்ள அக்காவுக்கு உன் தம்பியின் வணக்கம். நான் இங்கே சிங்கம் மாதிரி இருக்கிறேன். உன் முட்டி வலி குறைந்ததா? மாமா மாத்திரையை விழுங்குகிறாரா, ஒதுக்கிவைத்துத் துப்புகிறாரா?

பெரிய செய்தி. சிகரெட்டை விட்டு இன்றோடு ஆறு நாள். இருபது வருஷப் பழக்கத்தை ஒரே உதறாக உதறிவிட்டேன். மேனேஜரே வந்து கைகொடுத்தார். கொடுக்கவில்லை, சிரித்தார், அதுவே பெரிய விஷயம்தான்.

என் அறையில் இருக்கும் கிரேன் ஓட்டுகிறவனும் விடுகிறான். ஒருவர் கடைக்குக் கிளம்பினால் மற்றவரும் கூடப் போக வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். மூன்றாம் நாள் அவன் குளிக்கும் நேரம் பார்த்து நைசாகப் படியிறங்கினேன். ஈரத் தலையோடு ஓடிவந்துவிட்டான்.

“எங்கண்ணே கிளம்பிட்டீங்க?”

“சோப்பு வாங்கத்தான்டா.”

“அப்ப நானும் வர்றேன்.”

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே சிகரெட் பெட்டியை எடுத்துவைத்தார். இவன் என் தோளில் கைபோட்டு, “அண்ணனுக்கு சோப்பு குடுங்க” என்றான். இப்படியே ஏழு சோப்பு சேர்ந்துவிட்டது. அதில் மூன்று, அவன் நழுவப் பார்த்தபோது நான் வாங்கவைத்தது.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அவன் வேறு ஷிப்டுக்கு மாறியிருப்பான். சாயங்காலம் நாலு மணி டீ நேரத்தில் நான் தனியாள். பயமெல்லாம் கிடையாது. ஆனாலும் அப்போது ஒரு ஃபோன் போடு. பேச ஒன்றும் இல்லாவிட்டால் திட்டு. பத்து நிமிஷம் திட்டினால் போதும், டீ நேரம் முடிந்துவிடும்.

வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான், ஓடுகிறேன்.

உன் தம்பி,
பிள்ளைகளின் வீர மாமா