அண்ணனும் சோற்றை விட்டார்

நவம்பர் 3, திங்கள்

காலையில் பனி, கூடவே பிசுபிசுவென்று தூறல். பழைய தங்கச் சுரங்கக் கழிவான சயனைடு மேட்டைச் சுற்றி 14 கி.மீ. ஈரத்தில் மணல் இறுகியிருந்தது, கால் புதையவில்லை. வெறும் வயிறு. தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, அவ்வளவுதான். பசி இல்லை.

சோறு, இட்லி, சர்க்கரை விட்டு இன்றோடு ஏழு வாரம். இன்றைக்குத் தின்றது:

முட்டை 3, நெய்யில்
தேங்காய் அரை மூடி
கீரை, பன்னீர்
மட்டன், கொழுப்பை எடுக்காமல்
வேர்க்கடலை ஒரு கைப்பிடி (உண்மையில் இரண்டு)

போன வருஷ ஓட்டத்தில் 35ஆவது கி.மீ.யில் அந்த இனிப்புப் பசை பாக்கெட் வயிற்றைப் புரட்டி எடுத்து, ரோட்டோரம் வாந்தி. நாற்பது வயதுப் பொம்பளை மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெங்களூர் ஓட்டக் குழுவில் ஒருவர் சொன்னார், உடம்பில் இருக்கும் கொழுப்பையே எரிக்கப் பழக்குங்கள், வழியில் எதுவும் தின்ன வேண்டியிருக்காது என்று. பழக்கினேன். முதல் இரண்டு வாரம் தலைவலி, கை நடுக்கம், எரிச்சல். பிறகு சரியாகிவிட்டது. இப்போது மூன்று மணி நேரம் தண்ணீரிலேயே ஓடுகிறேன். வாயில் மட்டும் ஒரு வாடை. நெயில் பாலிஷ் மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்காரர் சேகர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

23ஆம் தேதி 50 கி.மீ. ஓட்டப் போட்டி. இன்னும் இருபது நாள்.

நேற்று முருகேசன் அண்ணன் ஸ்கெலட்டன் குடியிருப்பிலிருந்து வந்தார். தட்டில் சோறு போடப் போனேன், கையை வைத்து மறைத்தார். "வேணாம் ஜோதி. நானும் வுட்டுட்டேன். நீ எழுதிக் குடுத்தியே, அதான் துண்ணுகினு கீறேன். பத்து நாளாச்சு."

காலண்டர் தாளின் பின்பக்கம் ஏதோ பேச்சோடு பேச்சாக எழுதிக் கொடுத்தது. நிஜமாகவே செய்வார் என்று நினைக்கவில்லை. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை வியாதி, ஒரு நாளும் யார் பேச்சையும் கேட்டதில்லை.

சேகர்: "அப்ப இந்தக் குடும்பத்துல அரிசி துண்ற ஒரே ஆளு நான்தானா."

நவம்பர் 5, புதன்

விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு. இது இப்போது வழக்கமாகிவிட்டது. படுத்திருக்க முடியவில்லை. ஷூவைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவியதுதான்.

ஃபேக்டரியில் நாள் முழுக்க வெல்டு பரிசோதனை. கேன்டீனில் முட்டை டப்பாவைத் திறந்ததும் அதே கேலி. "இன்னா ஜோதி, கோழிப் பண்ணையே தெறந்துடலாமே." சிரித்துவைத்தேன். இடது கெண்டைக்காலில் பிடிப்பு. உப்பு போதவில்லையோ.

மத்தியானம் அண்ணன் ஃபோன். காலைச் சர்க்கரை 210 இருந்த இடத்தில் 128. குரலே வேறு. "ஒம்போது வருசமா டாக்டருங்களால முடியாதத நீ பண்ணிட்ட. ட்ரெயின்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நம்ம பெட்டியில அஞ்சு பேரு சோத்த வுட்டுட்டானுங்க."

அவர் தினமும் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூரில் ஒரு அப்பார்ட்மெண்டுக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர். ஒரே பெட்டி, ஒரே ஆட்கள், பதினைந்து வருஷம். என் கையெழுத்துத் தாளைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாராம்.

பெருமையாக இருந்தது. எழுதியே வைக்கிறேன், ரொம்பப் பெருமையாக இருந்தது.

நவம்பர் 8, சனி

பேத்தமங்கலம் ஏரி வரை போய்த் திரும்பி 32 கி.மீ. நிர்மலாவோடு. ஆண்டர்சன்பேட்டையில் பி.டி. டீச்சர், என் ஓட்டத் துணை, என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

சமதளத்தில் நான் ரயில் மாதிரி போய்க்கொண்டே இருக்கிறேன். சோர்வே இல்லை. மேடு வந்தால்தான் விஷயம். வேகத்தைக் கூட்டப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. நி. வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே என்னைத் தாண்டிப் போகிறாள். மேலே நின்று காத்திருந்தாள். "அக்கா, போன வருசம் இந்த மேட்ல நீங்கதான் எனக்காக நிப்பீங்க."

திரும்பும்போது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்கினேன். எடை 5 கிலோ குறைவு. சர்க்கரை நன்று. ட்ரைகிளிசரைடு பாதியாகக் குறைந்திருக்கிறது. எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. கெட்ட கொழுப்பு, எல்.டி.எல்., மார்ச்சில் 112. இப்போது 204.

பத்து தடவை பார்த்தேன். எண் மாறவில்லை.

எங்களைப் பெற்ற நைனாவுக்கு 51 வயதில் மார்வலி. ஷிஃப்ட் முடித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

நி. பார்த்துவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா" என்றாள். ஓட்டம் முடியட்டும் என்றேன். ரிப்போர்ட்டைத் துணி அலமாரியில் சேலைக்கு அடியில் வைத்தேன். சேகருக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 10, திங்கள்

வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அண்ணன் ஃபோன். ரயிலிலிருந்து. "ஜோதி, ரெண்டு நாளா காலம்பர கை நடுங்குது. வேர்த்துக் கொட்டுது. பசியா இன்னான்னு தெரில."

"முதல்ல அப்படித்தாண்ணா இருக்கும். எனக்கும் இருந்திச்சு. உப்புத் தண்ணி குடி, சரியாப் பூடும்."

"சரி கண்ணு."

பஸ் வந்துவிட்டது.

நவம்பர் 12, புதன்

மாலூர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையை எதிலாவது வைத்திருக்க வேண்டும்.

காலை எட்டு மணிக்கு மேல் ஃபேக்டரிக்கு ஃபோன். அண்ணன் ரயிலில் சரிந்துவிட்டார். டேக்கல் தாண்டியதும் பேச்சு குழறியதாம், சட்டை முழுக்க வியர்வை, பக்கத்து ஆளைத் தள்ளிவிட்டாராம். காலையிலேயே குடித்துவிட்டார் என்று ஒருவர் சொல்ல, மாரடைப்பு என்று இன்னொருவர். தயாளன் என்று ஒருவர், அண்ணனோடு தினமும் போகிறவர், அவருடைய அம்மாவுக்கு இப்படி வருமாம். டீக்காரரிடம் சர்க்கரை வாங்கி நாக்குக்கு அடியில் வைத்திருக்கிறார். மாலூரில் தூக்கி இறக்கினார்கள். இங்கே வந்தபோது சர்க்கரை 41.

சேகர் பைக்கில் கொண்டுவந்து விட்டார்.

அண்ணனுக்குக் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் திறந்து என்னைப் பார்த்தார். "ஃபேக்டரி லீவா?" என்றார்.

டாக்டர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். "யாரு இவருக்கு அன்னத்த நிறுத்தச் சொன்னது?"

"நான்."

"மாத்திரையக் குறைக்கச் சொன்னீங்களா?"

இல்லை. மாத்திரை என்ற ஒன்று என் நினைவிலேயே இல்லை. நான் மாத்திரை சாப்பிடுகிறவள் இல்லை. என் உடம்புக்கு எழுதிய பட்டியலை அவர் உடம்புக்குக் கொடுத்துவிட்டேன்.

"நோடிம்மா, பாருங்க, ஊட்டா மேல, சாப்பாட்டு மேல தப்பில்ல. சர்க்கரை இருக்கிறவங்க சிலருக்கு நல்லாவே வேலை செய்யும். ஆனா இவர் போடற ரெண்டு மாத்திரைல ஒண்ணு, நீங்க தின்னாலும் தின்னாட்டியும் சர்க்கரைய இறக்கிக்கிட்டே இருக்கும். சோறு நின்ன அன்னைக்கே அந்த மாத்திரையக் குறைச்சிருக்கணும். முன்னாடியே நடுக்கம், வேர்வை எதாவது வந்துச்சா?"

அண்ணன் முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்ல சார். திடீர்னுதான்."

நான் வாயைத் திறக்கவில்லை.

மாத்திரை உடம்பில் இன்னும் இருக்கும், மறுபடி இறங்கலாம், இன்றிரவு இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர்.

நவம்பர் 13, வியாழன்

காலையில் அண்ணி வெளி நடையில் என்னோடு நின்றார். காஞ்சனா அண்ணி கோபம் வந்தால் குரல் இறங்குகிறவர்.

"திங்கக்கெழம நடுங்குதுன்னு உன்னாண்டதான ஃபோன் போட்டாரு. நான் பக்கத்துல தான் கீறேன், டாக்டர் கீறாரு. உன்னாண்ட தான் போட்டாரு." திரும்பி நடந்தவர், "நீ சொன்னா வேதம் அவுருக்கு."

திட்டியிருந்தால் தேவலை.

உள்ளே போனேன். டாக்டர் ரவுண்ட்ஸில் அண்ணன் கட்டிலருகே நின்றார். சொன்னேன். திங்கட்கிழமையே நடுக்கமும் வியர்வையும் வந்தது, எனக்கு ஃபோன் செய்தார், உப்புத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். என் ஆரம்ப வார நடுக்கம் மாதிரி என்று நினைத்துவிட்டேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். திட்டவில்லை. "உங்க நடுக்கம் வேற, அவர் நடுக்கம் வேற. வெளிலேர்ந்து பாத்தா ஒண்ணு மாதிரிதான் தெரியும். அதுக்குத்தான் விரல்ல குத்திப் பாக்கறது."

அவர் போனதும் அண்ணன்: "இன்னாத்துக்கு இப்ப அத சொன்ன? நான்தான் மறச்சிட்டேனே."

"மறைக்க வேணாண்ணா."

"உனக்குக் கெட்ட பேரு."

அழுகை வந்தது. போர்வையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு மாத்திரை நிறுத்தம், இன்னொன்று அப்படியே. ஒரு வேளைக்கு ஒரு கரண்டி சோறு. தினமும் நாலு தடவை விரலில் குத்திப் பார்த்து எழுதணும்.

நவம்பர் 15, சனி

ஓடவில்லை. நேற்றும் இல்லை. வீட்டுக்குள்ளேயே நடை. சமையலறை, வாசல், சமையலறை. "உக்காரேன் கொஞ்சம், எனக்குத் தலை சுத்துது" என்றார் சேகர்.

அந்த ஐந்து பேர். தாளின் படம் அவர்களிடம் இருக்கிறது. அவர்களில் யார் என்ன மாத்திரை போடுகிறார்கள்? அண்ணனுக்கு ஃபோன் செய்தேன், தெரியாது என்றார். ரயில் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்து, ஒரு செய்தி போட்டுவிடு என்றார். போட்டேன். மூன்று பேர் கும்பிடு பொம்மை அனுப்பினார்கள். படித்தார்களா என்றே தெரியவில்லை.

திங்கள் நேரில் போகிறேன்.

நவம்பர் 17, திங்கள்

அரை நாள் லீவு. மாரிக்குப்பத்தில் அண்ணனின் பெட்டி. உட்கார இடம் கொடுத்தார்கள், உட்காரவில்லை.

"நான் முருகேசனோட தங்கச்சி. அந்தத் தாள எழுதினது நான்தான்" என்று ஆரம்பித்தேன். ஒரு பெரியவர் சந்தோஷமாக, "வாம்மா, புதுசா எதாவது எழுதிகினு வந்தியா? மூணு கிலோ எறங்கிட்டேன்" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். முழுதும், உப்புத் தண்ணீர் உட்பட. நான் டாக்டர் இல்லை, எனக்குச் சரியானது உங்களுக்குச் சரியாக இருக்கணும் என்று இல்லை, மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைப் பார்க்காமல் இதைச் செய்யவே கூடாது. ரயில் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு பேர் சர்க்கரை மாத்திரை. மூன்று கிலோ இறங்கிய பெரியவர் பிரஷர் மாத்திரை, எழுந்தால் கண் இருட்டுகிறதாம், வயசு என்று விட்டுவிட்டாராம். மூவரிடமும் மாத்திரை அட்டையை வாங்கி, டாக்டரிடம் காட்ட வேண்டியதைப் பெயரோடு எழுதிக் கொடுத்தேன்.

ஜன்னலோரம் ஒருவர்: "முருகேசனச் சாவ அடிச்சிருப்பியேம்மா." யாரும் அவரை அடக்கவில்லை. உண்மைதானே.

தயாளனிடம் நன்றி சொன்னேன். "அட வுடுங்க" என்றார். பங்காருப்பேட்டையில் இறங்கினேன். 30 கி.மீ. ஓடினால்கூட இப்படி அசந்ததில்லை.

நவம்பர் 19, புதன்

சேலைக்கு அடியிலிருந்த ரிப்போர்ட்டைச் சேகரிடம் கொடுத்தேன். படித்தார். பதினோரு நாள் மறைத்ததற்குத்தான் கோபம், எண்ணுக்கு இல்லை.

அதே மாலூர் டாக்டரிடம் போனோம். இ.சி.ஜி. சரி. நைனாவைப் பற்றிக் கேட்டார், குறித்துக்கொண்டார். ஒல்லியாக, நிறைய ஓடுகிறவர்கள் இப்படிச் சாப்பிட்டால் சிலருக்கு இந்த எல்.டி.எல். எகிறுகிறதாம். "இதயத்துக்கு எவ்வளவு கெடுதல்னு முழுசாத் தெரியாது. தெரியாதுங்கறதால சும்மா விட்டுடக் கூடாது, உங்க குடும்பத்துல நிச்சயமா கூடாது."

நெய், தேங்காய், மட்டன் கொழுப்பு குறை. கடலை, மீன், நல்லெண்ணெய். கொஞ்சம் கேழ்வரகு, பழம் சேர். ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம். இறங்காவிட்டால் மாத்திரை.

ஓடலாமா? ஓடலாம், மூச்சு முட்டினாலோ மார் அழுத்தினாலோ அந்த இடத்திலேயே நிற்கணும்.

நவம்பர் 21, வெள்ளி

ஒரு கேழ்வரகு உருண்டை. ஒன்பது வாரத்துக்குப் பிறகு. தின்றதும் தூக்கமாக வந்தது. தப்பு செய்த மாதிரியும் இருந்தது. யாருக்கு என்ன தப்பு, தெரியவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

50 கி.மீ. முடிந்தது. ஆறு மணி நேரம் 48 நிமிஷம். நி. என்னைவிட 37 நிமிஷம் முன்னால்.

28 வரை தண்ணீர், உப்பு. நன்றாகவே போனேன், அதைப் பொய்யென்று சொல்ல மாட்டேன். 28இல் மேஜையில் வாழைப்பழம். வாந்தி பயம். கையில் வைத்துக்கொண்டே ஒரு கி.மீ. ஓடினேன். பிறகு பாதி தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. 36இல் மீதி. கடைசி ஏற்றத்தில் கொஞ்சம் வேகம் வந்தது, நிஜமாகவே வந்தது. 44க்குப் பிறகு பாதி நடை. மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

முடிந்ததும் புல்லில் உட்கார்ந்தேன். சேகர் தண்ணீர் கொடுத்தார். எழுந்திருக்கத் தோன்றவில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 24, திங்கள்

தொடை இரண்டும் கல். படி இறங்குவது பின்பக்கமாக.

அண்ணன் இன்று மறுபடி வேலைக்கு. ரயிலிலிருந்து ஃபோன். நாலாவது மணிக்குத்தான் எடுத்தேன்.

"காலம்பர 146. எழுதிட்டேன். ஜோதி, மத்தியானம் இன்னா துண்ணலாம் நான்?"

"என்னாண்ட கேக்காதண்ணா. டாக்டராண்ட கேளு."

"அவர்கிட்ட முந்தாநேத்தே கேட்டு எழுதிகினேன், டப்பாவுல கீது. உன்னாண்ட பேசறதுக்கு வேற இன்னா கேக்கறது? நீ தான் பன்னெண்டு நாளா ஃபோனே போடலியே."

போட்டேன், குரூப் விஷயமாக, என்று சொல்ல வந்தேன். அதை விட்டு ஓட்டத்தைப் பற்றிச் சொன்னேன், 44க்குப் பிறகு நடந்ததை, ஒரு கிழவர் செருப்புக் காலோடு என்னைத் தாண்டிப் போனதை. அண்ணன் பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தார். மாலூர் வரப் போகுது, சிக்னல் இருக்காது என்றார். அதற்குள் லைன் போய்விட்டது.