ஐந்து மில்லிமீட்டர்

நிலைய நாள் 412 — 07:00
நீர்மட்டம்: 0.0 மி.மீ. வெப்பம்: 24 பாகை. பலகையில் தகடு: இல்லை. மூடி: மூடியிருக்கிறது. ஆட்கள்: ஒருவர்.

அந்த ஒருவர் நான். ஆவுடையப்பன், நீர்ப் பொறியாளர், வயது நாற்பத்தொன்பது. ஐந்து மாதமாக இந்த நிலா நிலையத்தில் தனியாக இருக்கிறேன். ஒன்பது நாளில் புதுக் குழு வந்திறங்குகிறது. இதைப் படிப்பது அவர்களாக இருக்கலாம். ஆகவே அடிப்படையிலிருந்து எழுதுகிறேன். நான் வந்தபோது எனக்கு யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை.

நிலையத்தின் மொத்தக் குடிநீரும் ஒரே தொட்டியில் இருக்கிறது. ஐந்து மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், எட்டு மீட்டர் ஆழம். இங்கே எடை குறைவு என்பதால் எலும்பு தேயும். அதைத் தடுக்க தினமும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை இதிலேயே நீந்த வேண்டும். பிறகு அதே தண்ணீரை வடிகட்டிக் குடிக்க வேண்டும். குடித்தது முழுவதும் சுத்தமாகித் தொட்டிக்கே திரும்பிவிடும். முகம் சுளிப்பவர்கள் பூமிக்குத் திரும்பிப் போகலாம்.

தொட்டி அறைக்கு வெளியே, நடைபாதையில், ஆறு கொக்கிகள் உள்ள ஒரு பலகை இருக்கிறது. ஆளுக்கொரு தகரத் தகடு, அதில் ஒரு எண். இறங்குமுன் மாட்ட வேண்டும். ஏறியதும் எடுக்க வேண்டும். ஒரு தகடு தொங்கினாலும் ஆறு மணிக்கு மூடி மூடாது. பலகை காலியாக இருந்தால் தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான்.

கடைசியாக, மட்டமானி. அது என் சொந்த வடிவமைப்பு. எழுபத்தைந்து கிலோ ஆள் இறங்கினால் நீர் ஐந்து மில்லிமீட்டர் உயரும். பலகைக்கு எதிர்ச் சுவரில் உள்ள திரை அதைக் காட்டும். காற்றுப்புட்டியோடு சேர்த்து அறுபது கிலோவான நான் இறங்கினால் நாலு. ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகாது. பூமியில் இதை வடிவமைத்த நாளிலிருந்து, ஆறு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்.

நிலைய நாள் 412 — 11:15
கீழிருந்து செய்தி. அனுப்பியவர் வித்யாதரன். கல்லூரியில் எனக்குப் பக்கத்து மேசை, என் கணக்கைப் பார்த்து எழுதியவன். பிறகு இங்கே எனக்குத் தலைவன், இப்போது பூமியில் அதற்கும் மேலே.

"ஆவுடை, சான்றிதழ் எங்கப்பா? புதுப் பசங்க வர்றதுக்குள்ள ஒன்னோட மட்டமானிய ஒருதடவ பாத்து கையெழுத்துப் போட்டு அனுப்பிரு. அது ஒளறும்னு ஊருக்கே தெரியும். இருந்தாலும் ஃபார்மாலிட்டி."

சாப்பாட்டு மேசையிலும் இதையேதான் சொல்வான். "ஆவுடையோட மானிக்கு ஜோசியம்தான் தெரியும், அளவு தெரியாது." ஐந்து பேரும் சிரிப்பார்கள். எங்கள் சுரங்கப் பொறியாளன் சதக்கு மட்டும் சிரிக்க மாட்டான் என்று எழுத ஆசைதான். அவனும் சிரித்தான். எல்லாரையும்விடச் சத்தமாக.

நிலைய நாள் 413 — 16:00
ஐந்து மாதத்துக்குப் பிறகு மூடியைத் திறந்தேன். தண்ணீர் தெளிவாக இருக்கிறது. மட்டம் 0.0.

இங்கே ஒருவன் இறந்தான் என்பதைப் பதிவு செய்கிறேன். சதக்கத்துல்லா, காயல்பட்டணம், சுரங்கப் பொறியாளர், தகடு எண் ஐந்து. நாள் 260 மாலை மூடி மூடிக்கொண்டபோது அவன் உள்ளே இருந்தான். காலையில் எடுத்தோம். பலகையில் அவன் தகடு இல்லை. "தகட்டை மாட்டாமல் இறங்கியது இறந்தவரின் கவனக்குறைவு" என்று விசாரணை அறிக்கை சொன்னது. உடலோடு எல்லாரும் கிளம்பினார்கள். நிலையத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்றார்கள். யாரும் கை தூக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

17:10
தொட்டி அறையில் தண்ணீரை உள்ளங்கையால் அறையும் ஓசை. மூன்று முறை.

பம்பு ஓடவில்லை. நான் நடைபாதையில் இருந்தேன். உள்ளே போனபோது நீர்ப்பரப்பு நடுவில் மேடாக எழும்பிச் சுவரை நோக்கிப் போனது. இங்கே அலை உயரமாக, மெதுவாகப் போகும். அது சுவரைத் தொட்டது, திரும்பியது, எதிர்ச் சுவருக்குப் போனது. நீச்சல்காரன் திரும்புவதுபோல.

சதக்கு இறங்குமுன் தண்ணீரை மூன்று தட்டுத் தட்டுவான். "கடலுக்கு சலாம் சொல்லாம எறங்கப்படாது அண்ணாச்சி" என்பான். இது கடலில்லையடா, நாம் குடிக்கிற தண்ணீர் என்பேன்.

மட்டம்: 0.0. அப்படியானால் யாரும் இல்லை. என் மானி அப்படித்தான் சொல்கிறது.

நிலைய நாள் 414 — 09:40
சான்றிதழுக்காக மானியின் பழைய பதிவுகளைத் தோண்டினேன். கடைசியாகப் பூஜ்யம் திருத்தியது: நாள் 260, மாலை 17:52. திருத்தியவர்: தகடு 2, அதாவது நான்.

பத்து நிமிடம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

17:52க்கு அவன் தண்ணீரில் இருந்தான். மானி +5.0 காட்டியது. நான் அதைப் பூஜ்யமாக்கினேன். அதாவது இந்த மானியின் பூஜ்யம் என்பது தண்ணீரும் சதக்கும் சேர்ந்தது. மறுநாள் காலை அவனை வெளியே எடுத்ததும் மட்டம் −5.0க்கு இறங்கியிருக்க வேண்டும்.

பதிவைப் பார்த்தேன். இறங்கவில்லை. அன்றும் 0.0. அதற்கடுத்த நூற்றைம்பது நாளும் 0.0.

13:20
அளவுகோலை எடுத்துச் சுவரில் உள்ள பழைய கோட்டிலிருந்து கையால் அளந்தேன். நாலு முறை. மானி சரி. தண்ணீர் ஐந்து மி.மீ. அதிகம்தான். எழுபத்தைந்து லிட்டர். ஒரு சொட்டுக்கூட யாரும் சேர்க்கவில்லை. சேர்க்க நான் மட்டும்தான் இருந்தேன்.

தொட்டியில் ஆள் இருக்கிறான். அவனை எடுத்த நாளிலிருந்து இருக்கிறான்.

நிலைய நாள் 415 — 10:05
கீழிருந்து செய்தி. இந்தமுறை வித்யாதரன் இல்லை.

"அண்ணாச்சி, நான் ருகையா. சதக்கு வீட்டுல இருந்து பேசுறேன். ஆறு தடவ கேட்டப்புறம் இன்னைக்குத்தான் பேச விட்டாஹ. அறிக்கையில அவுஹ தகட்ட மாட்டாம எறங்குனதா போட்டிருக்கு. அண்ணாச்சி, அவுஹ எடுக்க மறப்பாஹ, மாட்ட மறக்க மாட்டாஹ. வீட்டுக்குள்ள வந்தா சாவிய ஆணியில மாட்டிருவாஹ. போறப்ப மறந்துட்டு தெருவுல நின்னு கத்துவாஹ. எம் மவன பள்ளிக்கூடத்துல, 'ஒங்க வாப்பா ரூல்ஸ் தெரியாம செத்தாரு'ன்னு சொல்றானுவளாம். நீங்க அங்கன இருந்தீங்க. ஒங்களுக்குத் தெரிஞ்சத சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

பதில் அனுப்பவில்லை.

17:10
மூன்று தட்டு. அலை போய்த் திரும்புகிறது. கரையில் ஈரக் கைத்தடம், விரல்கள் என் பக்கம் நீட்டியபடி. மட்டம் 0.0.

நிலைய நாள் 416 — 08:30
சரி. எழுதுகிறேன். எல்லாருக்கும் திருப்திதானே.

தகட்டை எடுத்தது நான்.

சதக்கு அதுவரை முப்பத்தொரு முறை தகட்டை எடுக்க மறந்திருந்தான். நான் பட்டியல் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் மூடி மூடாது. எச்சரிக்கை மணி அடிக்கும். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எழுந்து போய் எடுப்பது நான். போய்ச் சொன்னால் அவன் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணாச்சி இருக்கையில எனக்கென்ன கவல" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவன் பொறுப்பில்லாதவன். அவனை எல்லாருக்கும் பிடித்தது. நான் வந்த நாளிலிருந்து ஒன்றையும் மறக்காமல் இருந்தேன். என்னை யாருக்கும் பிடிக்கவில்லை. இதில் நியாயம் இருப்பதாக யாராவது காட்டினால் பார்க்கிறேன்.

நாள் 260, 17:50. பலகையில் ஐந்தாம் எண் தொங்கியது. முப்பத்திரண்டாவது முறை என்று நினைத்தேன். நாலடி நடந்து கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மானி +5.0 காட்டியது. தண்ணீரில் ஆள் இருக்கிறான் என்று என் கருவி என்னிடம் சொன்னது. அன்று மதியம்தான் வித்யாதரன் ஜோசியப் பேச்சைப் பேசியிருந்தான். உண்மையிலேயே உளறுகிறதோ என்று எனக்கே தோன்றிவிட்டது. 17:52க்குப் பூஜ்யமாக்கினேன். தகட்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். மறுநாள் காலை அதை அவன் முகத்தில் வீசுவதாக இருந்தேன்.

ஆறு மணிக்கு மூடி மூடியபோது அவன் எட்டு மீட்டர் அடியில் மூச்சடக்கிப் பழகிக்கொண்டிருந்திருக்கிறான்.

18:04 முதல் குழாய்களில் தட்டும் ஓசை கேட்டது. மூன்று, இடைவெளி, மூன்று. மணி அடிக்காமல் இருக்க, கணினியில் காரணம் எழுதினேன்: "சிக்கிய காற்று. காலையில் பார்க்கலாம்." இனி எப்போது தட்டும் ஓசை வந்தாலும் இதையே எழுதிக்கொள் என்று அதற்குக் கட்டளையும் கொடுத்தேன். மூன்றரை மணி நேரம் தட்டியது.

காற்று எண்ணித் தட்டாது. நான் பொறியாளன். எனக்குத் தெரியாதா?

தகடு ஐந்து என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

நிலைய நாள் 416 — 17:30
ருகையாவுக்குக் கடிதம் எழுதினேன். மேலே உள்ளதுதான், வசவு இல்லாமல். அனுப்புமுன் கரையில் நின்று சத்தமாகப் படித்தேன். எனக்கே பைத்தியக்காரத்தனமாக இருந்தது. பிறகு வெளியே வந்து ஐந்தாம் எண் தகட்டை அதன் கொக்கியில் மாட்டினேன்.

தண்ணீர் உடையும் ஓசை கேட்டது. யாரோ கரையைப் பிடித்து உந்தி ஏறும் ஓசை.

மட்டம்: −5.0.

கரையிலிருந்து கதவு வரை, கதவிலிருந்து பலகை வரை, ஈரக் காலடிகள். பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மட்டத்தைப் படித்த சில நொடிகளில் நடந்திருக்கிறது. கொக்கியில் தகடு இல்லை.

முதல்முறையாக மறக்காமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

நிலைய நாள் 417 — 09:00
மட்டம்: −5.0. 17:10க்கு எந்த ஓசையும் வரப்போவதில்லை என்று தெரிகிறது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன்.

கடிதம் இன்னும் அனுப்பவில்லை. காலையில் இன்னொரு முறை படித்தேன்.

11:30
வித்யாதரன்: "மைனஸ் அஞ்சா? என்னப்பா ஆவுடை, தண்ணிய நீயே குடிச்சிட்டியா? மறுபடி ஒளற ஆரம்பிச்சிருச்சு ஒன் மானி. புது ஆளுங்க கையில வேற மானி குடுத்து விடுறேன். நீ சும்மா இரு, ஒன்னும் தொடாத."

சும்மா இரு. ஆறு ஆண்டு உழைப்புக்குச் சும்மா இரு. ஒரு மனிதன் உள்ளே இருக்கிறான் என்று சொன்ன ஒரே பொருள் இந்த நிலையத்தில் என் மானிதான். அது அன்றும் சரி, இந்த நூற்றைம்பது நாளும் சரி. அதை நம்பவிடாமல் செய்தவன் இவன். அறிக்கையில் இவன் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. கடிதத்தை அனுப்பினால் அறிக்கையைத் திருத்துவார்கள், என் பெயரைப் போடுவார்கள். இவன் கையெழுத்திடுவான்.

சதக்கு போய்விட்டான். தகட்டையும் எடுத்துக்கொண்டான். செத்தவனே விட்டுவிட்ட பிறகு நான் ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

11:52
கடிதத்தை அழித்துவிட்டேன்.

14:10
ருகையாவுக்குப் பதில் அனுப்பினேன். முழு வாசகம்: "அறிக்கையில் உள்ளதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. வருந்துகிறேன்."

நிலைய நாள் 418 — 17:30
சான்றிதழுக்கான சோதனை. வித்யாதரனுக்கு எண்களாலேயே பதில் சொல்வேன்.

ஆள் இல்லாத தொட்டி −5.0. காற்றுப்புட்டியோடு சேர்த்து என் எடை அறுபது கிலோ. நான் இறங்கினால் நாலு மி.மீ. உயர வேண்டும். மானி −1.0 காட்ட வேண்டும். காட்டினால் என் மானி சரி, எப்போதும் சரியாகவே இருந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். அடியில் மானியின் கால் இருக்கிறது. அதில் படிந்த உப்பையும் சுரண்டிவிட்டு ஏறுவேன். ஆறு மணி தாண்டினாலும் கவலை இல்லை. பலகையில் தகடு இருக்கும்வரை மூடி மூடாது. அதை எடுக்க இங்கே வேறு ஆளும் இல்லை.

நான் இறங்கியதிலிருந்து பதிவைக் கணினி எழுதிக்கொள்ளும்.

என் தகடு, எண் இரண்டு, மாட்டிவிட்டேன். இருமுறை சரிபார்த்தேன். நான் மறக்கிறவன் இல்லை.

நிலைய நாள் 418 — 17:41 (கணினிப் பதிவு)
பலகை: தகடு 2. மட்டம்: −1.0.

நிலைய நாள் 418 — 17:50 (கணினிப் பதிவு)
பலகை: தகடு இல்லை. மட்டம்: −1.0.

நிலைய நாள் 418 — 17:52 (கணினிப் பதிவு)
மட்டமானி பூஜ்யம் திருத்தப்பட்டது. திருத்தியவர்: தகடு 5. மட்டம்: 0.0.

நிலைய நாள் 418 — 18:00 (கணினிப் பதிவு)
பலகை: தகடு இல்லை. மூடி மூடப்பட்டது. மட்டம்: 0.0.

நிலைய நாள் 418 — 18:04 (கணினிப் பதிவு)
குழாயில் தட்டும் ஓசை. மூன்று, இடைவெளி, மூன்று. காரணம்: சிக்கிய காற்று. காலையில் பார்க்கலாம்.