கம்ப்யூட்டருக்குப் பொரி படைத்த அக்காவுக்கு

அக்கா,

போன வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு ஒரு பழைய கீபோர்டு வாங்கப் போனேன். மானிட்டர்களையும் வயர்களையும் குவித்து வைத்திருந்த ஒருவரின் தார்ப்பாய் ஓரத்தில், நரம்பறுந்த பேட்மிண்டன் மட்டைக்குப் பக்கத்தில், பந்துக்குக் காற்றடிக்கும் கைப்பம்பு ஒன்று கிடந்தது. எடுத்து ஒரு தடவை அழுத்தினேன். முகத்தில் புஸ்ஸென்று காற்று அடித்தது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒர்க்கிங்லதான் கீது மேடம், இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?" என்று கடைக்காரர் கோபித்துக்கொண்டார். இதை வைத்துக் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்திருக்கிறோம் என்று சொன்னால் அவர் நம்பியிருக்கமாட்டார். கீபோர்டை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். தாம்பரம் வரும்வரை ரயிலில் மனசுக்குள் உங்களோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த முதல் சில வருஷங்களை நினைத்துப் பாருங்கள். தாம்பரத்தில் நம் பெண்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கிய காலம். ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் தொடங்கி, தொகுப்பூதியத்தில் என்னை எடுத்திருந்தார்கள். எச்.எம். அம்மாவுக்கு அந்த மெஷின்கள் மேல் இருந்த பக்தியைச் சொல்லி மாளாது. ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார். லேபுக்குள் செருப்பு கூடாது, ஈரக் கை கூடாது, கடைசியில் பிள்ளைகளே கூடாது என்று ஆகிவிட்டது. சாவி அவர் இடுப்பில் இருந்தது. நான் கரும்பலகையில் கீபோர்டு படம் வரைந்து, பிள்ளைகளை டெஸ்க் மேல் டைப் அடித்துப் பழகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாக விசிலோடு போன நீங்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு உள்ளே வந்தீர்கள்.

"பந்தத் தொடாம எவளாவது ஆடக் கத்துக்குனாளா?" என்று கேட்டீர்கள். பி.டி. டீச்சருக்கு இங்கே என்ன வேலை என்று எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. அன்று சாயந்திரமே டீ வாங்கிக் கொடுத்து என்னைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டீர்கள்.

நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கொஞ்ச நாளில் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஆபீசரும் கேட்டார், உங்களைப் போல அன்பாக இல்லை. உறை போட்ட மெஷின்களைப் பார்த்தார். மவுஸைத் தொட்ட பிள்ளைகள் கை தூக்குங்கள் என்றார். ஒரு கை எழவில்லை. "பாய்ஸ் ஸ்கூல்ல மெஷின் இல்லாம கேட்டுக்கிட்டு இருக்காங்க. பூஜா ஹாலிடேஸ் முடிஞ்சு வருவேன். பிள்ளைங்க உக்காந்து வேலை செய்யணும். இல்லைன்னா வண்டியோடதான் வருவேன், ஏத்திக்கிட்டுப் போயிடுவேன்" என்றார்.

மெஷின் போனால் குரூப்பும் போகும். அந்தப் பிள்ளைகள் பாதி வருஷத்தில் வேறு குரூப்புக்கு மாறவேண்டும், அல்லது கிண்டிப் பக்கம் எங்காவது போய்ப் படிக்கவேண்டும். ரயிலேற்றி அனுப்பமாட்டோம் என்று பாதி வீடுகளில் சொல்லிவிட்டார்கள். அந்தக் குரூப்பில் படித்த செல்வியின் அப்பா திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். "இங்க இருந்தா படிக்கட்டும், இல்லைன்னா நின்னுடட்டும்" என்று என்னிடமே சொன்னார். செல்வி பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எச்.எம். அம்மா பயந்துபோய்ச் சாவியைக் கொடுக்கச் சம்மதித்தார். உறைகளைக் கழற்றினோம். பிள்ளைகள் மவுஸைக் கோழிக்குஞ்சு மாதிரிப் பிடித்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, நடுவில் உங்களுக்குப் பக்தி வரும்வரை.

ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தது சரி. ஒவ்வொரு சி.பி.யூ. கேபினட் மேலும் வாழை இலை போட்டு, பொரி, கடலை, பொடித்த வெல்லம் என்று குவித்தீர்களே, நான் தடுத்தேனா? இல்லை, நானும்தான் கற்பூரம் ஏற்றினேன். பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக்கூடாது என்று கதவைப் பூட்டினோம். சாவியோடு எச்.எம். அம்மா ஊருக்குப் போய்விட்டார். விஜயதசமி வந்தது, போனது, மழையும் பிடித்துக்கொண்டது. பள்ளி திறந்த அன்று சுவிட்சைப் போட்டால், பாதிக்கு மேல் உயிர் இல்லை. நான் ஒரு கேபினட்டின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே எறும்பு, வெள்ளை முட்டைகளோடு குடித்தனம். இலைகளில் ஒரு துண்டு வெல்லம் மிச்சமில்லை.

நாளை மறுநாள் ஆபீசர் வருகிறார். சர்வீஸ் ஆளுக்குப் போன் செய்தால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். கேபினட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்ட்டி போய்விடும், இனி ஒன்றையும் திறக்காதீர்கள் என்று எச்.எம். அம்மா சொன்னார். "ஸ்டிக்கர் போனா போவட்டும் மேடம். குரூப்பு போச்சின்னா ஒட்றதுக்கு கோந்து கீதா?" என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் திரும்பித் தன் ரூமுக்குப் போய்விட்டார். அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டோம்.

அன்று நீங்கள் பேசின பேச்சைவிட உங்கள் பம்புதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. வாலிபால் அறையிலிருந்து அதைக் கொண்டுவந்து, ஊசியைக் கழற்றிவிட்டு, எறும்புக் கூட்டத்தைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தீர்கள். கண், மூக்கெல்லாம் தூசி. "பேஜாரு புடிச்ச எறும்பு, சாமி பொரியத் துன்னுட்டு வூடு வேற கட்டிக்குனு கீது" என்று திட்டிக்கொண்டே அடித்தீர்கள். படைத்தது யார் என்று நான் கேட்கவில்லை, பம்பு உங்கள் கையில் இருந்தது.

பிள்ளைகள் டிராயிங் பிரஷ்ஷால் மூலை முடுக்கைத் துடைத்தார்கள். மெமரி கார்டைக் கழற்றி, அதன் செம்புநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டுவது எப்படி என்று நான் காட்டினேன். முதல் மெஷின் 'பீப்' என்றபோது பிள்ளைகள் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்தார். மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாமே எழுந்துவிட்டன. மகிழ்ச்சியில் நான் எல்லாவற்றையும் மொத்தமாக ஆன் செய்யச் சொன்னேன். பட்டென்று ஃபியூஸ் போயிற்று.

பழைய கட்டடம், ஒரே லைன். அத்தனை மானிட்டரும் ஒரே நேரத்தில் கரண்ட் இழுத்தால் தாங்காது. நாளைக்கு ஆபீசர் எதிரில் இப்படி ஆனால் கதை முடிந்தது என்று நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தீர்கள். "ஒண்ணாவா ஓடச் சொன்னேன்? ரிலே ஓட்டு" என்றீர்கள். ஒருத்தியின் திரையில் படம் வந்ததும் அவள் கையைத் தூக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் அடுத்தவள் சுவிட்சைப் போட வேண்டும். அன்று சாயந்திரம் முழுக்க அதையே பழக்கினோம். ஃபியூஸ் போகவில்லை.

ஆபீசர் சொன்னபடியே வந்தார். வாசலில் வண்டியும் நின்றது, பின்கதவைத் திறந்து வைத்தே நிறுத்தியிருந்தார்கள். "எல்லாத்தையும் போடுங்க பாக்கலாம்" என்றார். நீங்கள் முன்னால் வந்து, "சார், எங்க பசங்க ரிலே பசங்க. பாருங்க" என்று விசிலை ஊதிவிட்டீர்கள். ஒரு கை எழுந்தது, அடுத்தது, அதற்கடுத்தது. ஜன்னலோர வரிசை முடிந்து சுவரோர வரிசைக்கு வந்தது. கடைசி மெஷின் செல்வியுடையது. சுவிட்சைப் போட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது.

ஆபீசர் வாட்சைப் பார்த்தார். நான் அவளிடம் ஓடப் பார்த்தேன், நீங்கள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினீர்கள். அந்த நொடியில் உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செல்வி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பிளக்கைப் பிடுங்கினாள். தகட்டைக் கழற்றினாள். தாவணியைச் செருகிக்கொண்டு, பென்சில் பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்து, கார்டை உருவி நிதானமாகத் தேய்த்தாள். ஆபீசர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். கார்டை அழுத்தினாள், பிளக்கைச் செருகினாள், சுவிட்சைப் போட்டாள்.

பீப்.

செல்வி கையைத் தூக்கினாள். ஆபீசர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன்னோடு வந்த கிளார்க்கிடம், "வண்டியை அனுப்பிடுங்க" என்றார். "பாய்ஸ் ஸ்கூலுக்கு வேற எழுதிக் கேக்கலாம்."

அவர் போனதும் நான், "ஏதோ தப்பிச்சோம் அக்கா" என்று பெருமூச்சு விட்டேன். அதற்கு என்னைத் திட்டினீர்கள். "தப்பிச்சோமா? திருடிக்கினா வந்தோம்? ஜெயிச்சோம். வாயத் தொறந்து சொல்லு." எனக்கு வரவில்லை. நம் வீடுகளில் யாரும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. பாஸானாலும் கடவுள் புண்ணியம், வேலை கிடைத்தாலும் யாரோ பெரிய மனசு பண்ணினார்கள் என்றுதான் வளர்ந்தேன். நீங்கள் விடவில்லை. மூன்றாவது பீரியடில், மொத்தக் குரூப்பையும் மைதானத்துக்குக் கூட்டிப்போய், மழைச் சேற்றில் ஒரு சுற்று ஓடவிட்டீர்கள். என்னையும்தான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். ஜெயிச்சோம், ஜெயிச்சோம் என்று பிள்ளைகள் கத்தினார்கள். எச்.எம். அம்மா வராந்தாவில் நின்று பார்த்தார். நிறுத்துங்கள் என்று சொல்வார் என்று பயந்தேன். அவர் கைதட்டினார்.

அதன்பிறகு சாவி அவர் இடுப்புக்குப் போகவே இல்லை. பிள்ளைகள் மெஷினைத் திறந்தார்கள், துடைத்தார்கள், கெடுத்தார்கள், சரி செய்தார்கள். இப்போது நம் பள்ளிக்கு வரும் லேப்டாப்புகளையும் பிள்ளைகள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். செல்வி படிப்பை நிறுத்தவில்லை. காலேஜ் முடித்து, வண்டலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருக்கிறாள். அவள் அப்பா எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம் மகள் பெருமை பேசுவார்.

நீங்கள் ரிடையர் ஆன பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது பேசிக்கொள்வோம். இந்தத் தை மாதம் போனை உங்கள் மகன் எடுத்தான். அன்றைக்கு வந்து உங்களைப் பார்த்தேன். விசில் இல்லாமல், திட்டு இல்லாமல், மாலைகளுக்கு நடுவே படுத்திருந்தீர்கள், எனக்குப் பிடிக்கவே இல்லை. கோபமாகத்தான் அழுதேன்.

இந்த ஜூனில் அட்மிஷன் நடந்தது. கம்ப்யூட்டர் குரூப் கேட்டு வந்த பெண்களை ஒரு வகுப்பில் அடக்க முடியவில்லை. இரண்டு செக்‌ஷன் ஆக்கிவிட்டார்கள். ஸ்டாஃப் ரூமில், "உங்க அதிர்ஷ்டம் டீச்சர்" என்றார் புதிதாக வந்த ஒருவர். பழைய நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன்.

"அதிர்ஷ்டம் இல்லைங்க, ஜெயிச்சிருக்கோம்" என்றேன். சத்தமாகவே சொன்னேன் அக்கா.