வலியுறுத்திய ஓலைகளுக்கு வடகரைக் கோட்டையின் மறுமொழி

உ

திரு நிலைக்க. மழை பெய்தது போதும். இனி வெயில் விளங்குக.

கொடிஞ்சி நாட்டு மண்ணுக்கும் மலைக்கும் உடையவராய், வெண்குடை நிழற்ற வீற்றிருக்கும் மகாராசர் திருமகிழ்மாறனாரின் வலப்பக்கத்தில் அமர்ந்து, அவர் திருவாய் திறக்குமுன்னமே அவர் திருவுள்ளத்தை அறிந்து நாட்டுக்கு அறிவிக்கும் பேரமைச்சர் சிற்றம்பலப் பல்லவதரையர் சமுகத்துக்கு, வடகரைக் கோட்டைக் காவலும் யானைக் கொட்டாரத்துத் தலைமையும் நாற்பத்தோராண்டாகப் பார்த்துவரும் உய்யவந்தான் சேர்வைகாரன் தெண்டனிட்டுச் சொல்லி, கோட்டைக் கணக்கன் கையால் எழுதுவித்த ஓலை.

இங்கே கோட்டை நலம். கொட்டாரம் நலம். பட்டத்து யானை இடிமுழக்கன் மதம் தணிந்து, மூங்கில் தின்று நலமாக நிற்கிறது. அதன் பாகன் மாசாணன் மட்டும் நலமில்லை. அதைச் சொல்லத்தான் இந்த ஓலை.

தாங்கள் இந்த மாதத்தில் விடுத்த ஓலைகள் ஆறு. ஆற்றின் குறுக்கே கட்டிய கயிற்றில் ஓலைக்கூடை போய்வருவதால் வெள்ளத்திலும் ஓலைக்குக் குறைவில்லை. ஆங்கிலேயர் தூதர் பௌர்ணமியன்று தலைநகர் வருகிறார், அவரை ஏற்றி ஊர்வலம் போக இடிமுழக்கன் வேண்டும், ஆகையால் கருமணியாற்றைக் கடத்தி யானையை அனுப்பும்படி வலியுறுத்துகிறோம் என்று முதல் ஓலை வந்தது. ஆறு அப்போதே இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. இது கட்டளையா என்று கேட்டு எழுதினேன். விரைவில் அனுப்பும்படி வலியுறுத்துகிறோம் என்று இரண்டாம் ஓலை வந்தது. முத்திரை எங்கே என்று கேட்டேன். மிகவும் வலியுறுத்துகிறோம் என்று மூன்றாம் ஓலை வந்தது. மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மை இருக்கிறது, மஞ்சள் தடவியிருக்கிறது, தங்கள் மோதிரம் பட்ட தடம் ஒன்றிலும் இல்லை.

பட்டத்து யானையை வெள்ளத்தில் இறக்கச் சொல்பவர் தம் மோதிரத்தை ஓலையில் பதிக்க வேண்டும் என்பதும், யானைக்கோ பாகனுக்கோ கேடு வந்தால் யானையின் கால்சங்கிலி முத்திரை பதித்தவர் வாசலில் போடப்படும் என்பதும், பாகன் வீட்டார் வந்து அதைத் தம் கையால் எடுக்கும்வரை அவர் அவையேறக் கூடாது என்பதும் நம் நாட்டு வழக்கம். இது எனக்கே தெரியும்போது தங்களுக்குத் தெரியாமல் இராது. தெரிந்துதான் வலியுறுத்தினீர்கள் என்பது என் எண்ணம். பொய்யென்றால் பொறுத்தருள வேண்டும்.

நான்காம் ஓலையோடு, தங்கள் ஓலைகளை எழுதும் ஓலைநாயகம் வயிரமேகர், குடைபிடிப்பவன் ஒருவனோடு, வெள்ளம் சற்றே தாழ்ந்த நாளொன்றில் ஓடமேறி நேரில் வந்தார். வலியுறுத்துவது என்றால் என்ன என்று கேட்டேன். படிக்காத கிழவன் கேட்டுவிட்டான் என்று அவருக்குச் சிரிப்பு. அரண்மனைத் துபாஷி ஆங்கிலேயரிடமிருந்து 'அர்ஜ்' என்று ஒரு சொல்லைக் கற்றுவந்து, வலியுறுத்தல் என்று அதைத் தமிழாக்கியதாகவும், அது வேண்டுகோளைவிடக் கனமானது, கட்டளையைவிட லேசானது என்றும், சீமையில் பெரியவர்கள் எல்லாரும் இப்போது அதைத்தான் செய்கிறார்கள் என்றும் அவர் விளக்கினார். சபை அரசனை அர்ஜ் செய்யுமாம். அரசன் சபையை அர்ஜ் செய்வானாம். குதிரைக்காரன் குதிரையை அர்ஜ் செய்வானாம். இந்த மூன்றில் குதிரைக்காரனை மட்டும் எனக்குப் பிடித்தது. அவன் ஒருவன்தான் குதிரையோடு தானும் போகிறான்.

அந்தச் சொல் வந்த நாள்முதல் என் கோட்டையும் கெட்டது. குதிரைக்குக் கொள்ளு வைத்தாயா என்று லாயக்காரனைக் கேட்டால், "வைக்கச் சொல்லி வலியுறுத்தியிருக்கேனுங்க" என்கிறான். யாரை என்றால், பக்கத்து லாயக்காரனை. அவன் இவனை வலியுறுத்தியிருக்கிறான். இருவரும் வலியுறுத்திய களைப்பில் படுத்துவிட, குதிரைகள் பட்டினி கிடந்தன. தலைநகரில் எப்படி என்று நான் கேட்கவில்லை. அங்கே குதிரைகளுக்குப் பழகியிருக்கும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நான் முத்திரையில்லாமல் அசைய மாட்டேன் என்று கண்ட வயிரமேகர், மறுநாள் நான் அரண் பார்க்கப் போயிருந்த வேளையில் கரைக்குப் போய், மாசாணனையே நேரில் வலியுறுத்தியிருக்கிறார். அன்று காலையிலேயே மேற்கே பெய்த மழை இறங்கி ஆறு மறுபடி பொங்கியிருந்தது. மாசாணன் அப்பாவி. பெரிய மனிதர்கள் கட்டளையைக்கூடப் பூசி மெழுகித்தான் சொல்வார்கள், நாம்தான் குறிப்பறிந்து நடக்க வேண்டும் என்று அவன் எண்ணிவிட்டான். குடையைக் கண்டான், கும்பிட்டான், யானையோடு இறங்கினான். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். குடைக்குக் கீழே நிற்பவர் சொன்னது கட்டளை இல்லை என்று எந்தப் பாகனுக்குத் தோன்றும்?

நெஞ்சளவு நீரில் யானை நின்றது. அதற்கு ஆங்கிலம் தெரியாது, ஆறு தெரியும். திரும்பியது. திரும்பிய வேகத்தில் மாசாணன் கழுத்திலிருந்து நழுவி வெள்ளத்தில் போனான். கூப்பிடு தூரத்துக்கு அப்பால் நாணற்புதரில் சிக்கியவனை அவன் தம்பி சடையன் கயிறு கட்டி இழுத்துப் போட்டான். விலா எலும்பு மூன்று முறிந்தது. வலக்கால் இனி அங்குசக்காரன் கால் இல்லை. மாசாணன் பெண்டாட்டி பூவாயி ஓடிவந்து, ஓலைநாயகத்தின் வேட்டிக் கரையைப் பார்த்து, "ஏஞ்சாமி, ஒரு முழங்கால் தண்ணியில நின்னாச்சும் வலியுறுத்தியிருக்கலாமே, கரை நனையலையே!" என்றாள். அவரோ ஓலையும் எழுத்தாணியும் எடுத்தார். பாகன் தன் விருப்பத்தால் இறங்கினான் என்று ஓலையில் எழுதி, என்னைச் சாட்சிக் கையொப்பம் இடும்படி வலியுறுத்தினார். நான் எழுத்தாணியை வாங்கிக் கூரையில் செருகிவிட்டேன். அது தங்கள் அரண்மனை எழுத்தாணி. வேண்டுமானால் ஆளனுப்பி வாங்கிக்கொள்ளலாம்.

ஐந்தாம் ஓலை, நடந்ததற்கு வருந்தி, மாசாணன் விரைந்து குணமடையும்படி வலியுறுத்தியது. கணக்கனை விட்டு அவனுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். விலா வலிக்கச் சிரித்தான். அதனால் ஒரு நாள் கூடுதலாகப் படுத்தான்.

ஆறாம் ஓலை நேற்று வந்தது. தகுந்த வேறொரு பாகனைக் கொண்டு முயலும்படி வலியுறுத்துகிறீர்கள். இங்கே இடிமுழக்கன் கழுத்தில் ஏறத் தெரிந்த வேறொரு பாகன் சடையன் ஒருவன்தான். வயது இருபத்திரண்டு. அண்ணன் படுத்துக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே, அரண்மனைச் சொல்லுக்கு மறுசொல் ஏது என்று விடிந்ததும் இறங்கத் தயாராக நிற்கிறான். பூவாயி என் வாசலில் வந்து உட்கார்ந்து, அண்ணன் காலும் தம்பி உயிரும் சேர்த்துத்தான் ஓர் ஊர்வலமா என்று கேட்டாள். அவளுக்கு வலியுறுத்தலால் பதில் சொல்ல முடியாது. ஆகையால் நான் கட்டளையால் சொன்னேன். அதைத் தங்களுக்கும் அறிவிக்கிறேன்.

கருமணியாற்று வடகரையில், துறைக்கல்லில் வெட்டிய மூன்றாம் கோட்டுக்குக் கீழே நீர் இறங்கும்வரை, யானையாயினும் ஆளாயினும் ஓடமாயினும் ஆற்றில் இறங்கக் கூடாது. மீறி இறங்குபவனையும், இறங்கச் சொல்லி வாய் திறப்பவனையும் கோட்டைச் சிறையில் வைப்பேன். பௌர்ணமிக்கு யானை வராது. ஆங்கிலேயர் தூதர் பல்லக்கில் வரட்டும். இல்லையேல் நடக்கும்படி தாங்களே அவரை அர்ஜ் செய்யலாம். சடையன் கையிலிருந்த அங்குசத்தை வாங்கி என் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். யானை வராத குற்றம் அவனுடையதும் அன்று, அவன் அண்ணனுடையதும் அன்று, முழுக்க என்னுடையது.

இது வலியுறுத்தல் அன்று, கட்டளை. அதற்கு அடையாளமாக என் மோதிரத்தை அரக்கில் பதித்திருக்கிறேன். பழைய மோதிரம், தடம் தேய்ந்திருக்கும். ஆனால் பதித்த விரல் இன்னாருடையது என்று நாடறியும்.

குற்றத்துக்குத் தண்டனை என் தலை என்று சமுகத்தில் முடிவானால், தடையில்லை. வெட்டச் சொல்லித் தங்கள் முத்திரையிட்டு ஓலை வரட்டும், குனிந்து கொடுக்கிறேன். வெட்டிக்கொள்ளும்படி என்னை வலியுறுத்த மட்டும் வேண்டாம்.

உய்யவந்தான் சேர்வைகாரன், வடகரைக் கோட்டை. முத்திரை.