பள்ளிபாளையத்துக்கு முன்னால் நின்றுபோகும் கார்

சாவிக்கொத்தை இடுப்பில் செருகியபடியே கிளம்பிப் போய்விட்ட என் அத்தைக்கு,

உங்கள் காரைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீங்கள் இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பீர்கள், மகனைப் பற்றி அப்புறம்தான். கார் ஓடுகிறது. ஓட்டுவது நான். நீங்கள் இருந்தவரை ஸ்டீயரிங்கை மருமகள் என்னைத் தொடவே விட்டதில்லை. நீங்கள் விற்கக் கடைகளுக்குக் கொண்டுபோகும் துண்டு மூட்டைகளுக்கு நடுவே பின்சீட்டில்தான் எனக்கு இடம். அதனால் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகவும் இருக்கிறது.

ஆனால் நடுவில் அது எங்களைப் படுத்திய பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நீங்கள் போன பிறகு கார் மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நின்றது. மாமாவும் குமாரபாளையத்து வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டதும் எழுந்துவிடுவார். யாராவது உங்கள் பேச்சை எடுத்தால் அந்த இடத்திலேயே இருக்கமாட்டார். புதுக் காரில் எங்காவது போய்வரலாம் என்று உங்கள் மகன் கூப்பிட்டால், தலை சுற்றுகிறது என்பார். அப்படி இருந்தவர் ஒருநாள் நான் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்ததும் என்னிடம் கேட்டார்: "ஜேடர்பாளையம் போலாமா சாமி? நம்ம பழைய வண்டியில."

நீங்கள் இரண்டு பேரும் அணைக்கட்டைப் பார்க்கவும் மீன் சாப்பிடவும் போய்வருவீர்களே, அந்த ஜேடர்பாளையம். அவர் வாயிலிருந்து ஓர் ஆசை வந்ததே எனக்குப் பெரிதாகப் பட்டது. மறுநாளே மெக்கானிக் செந்திலை வரச்சொன்னேன். அவர் புது பேட்டரி போட்டார். டேங்கில் இருந்த பழைய பெட்ரோல் கெட்ட வாடை அடிக்கிறது என்று எல்லாவற்றையும் கேனில் வடித்து எடுத்துப்போனார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமா, சட்டென்று உள்ளே போய்விட்டார். வெயிலுக்குத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நன்றாகத்தான் போனது. பள்ளிபாளையம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இருமுகிற மாதிரி இரண்டு முறை வெட்டி இழுத்தது, அப்படியே அணைந்துவிட்டது. எத்தனை முறை சாவி போட்டும் பிடிக்கவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துச் சும்மா போட்டுப் பார்த்தால், ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆனது. பயந்துகொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டோம். அடுத்த முறையும் அதே கதை, ஏறக்குறைய அதே இடம்.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. வீட்டில் நன்றாக ஓடுவது, செந்தில் பட்டறையில் நன்றாக ஓடுவது, ரோட்டில் பாதி வழியில் மட்டும் ஏன் நிற்கிறது? நின்றது, யாரும் தொடாமலே எப்படிச் சரியாகிறது? சமையல் செய்யும்போதும் அதே நினைப்புதான்.

செந்தில் கார்புரேட்டர் மேலிருந்த ஏர் ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்தார். நூல் மாதிரி பெட்ரோல் உள்ளே பீய்ச்சி அடித்தது. வண்டி நிற்கும்போது இதையே செய்து பாருங்கள், பெட்ரோல் அடித்தால் கோளாறு கரண்ட் பக்கம், அடிக்காவிட்டால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்றார். அடுத்த முறை வண்டி நின்றதும் பானெட்டைத் திறந்து பார்த்தேன். சொட்டுகூட வரவில்லை.

சரி, பெட்ரோல்தான். ஆனால் எங்கே தடைபடுகிறது? செந்தில் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். ஃபில்டரை மாற்றினார். பம்புக்குள் இருக்கும் ரப்பரை மாற்றினார். பெட்ரோல் வரும் ஓஸ் பைப்பைக் கழற்றி பாட்டிலில் விட்டு இன்ஜினைச் சுற்றவிட்டால், பெட்ரோல் குபுகுபுவென்று வந்தது. அவரிடம் இருக்கும்வரை அந்தக் கார் ஒரு முறைகூட நிற்கவில்லை. அவருக்கே அது அவமானமாகிவிட்டது.

இதற்கிடையில் ஒரு நல்லது நடந்தது. மாமா பேச ஆரம்பித்தார். நான் வேலை முடிந்து வந்ததும் காப்பியோடு எதிரே வந்து உட்காருவார். டேங்கில் பாதி இருக்கிறது, பம்ப் நன்றாக இருக்கிறது, அப்புறம் பெட்ரோல் எங்கே போகிறது என்று கேட்பார். வெயிலில் பைப்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வழியை மறிக்கிறதோ என்பது அவருடைய சந்தேகம். அதையும் பார்த்துவிடலாம் என்று பனி விலகாத விடியற்காலையில் கிளம்பினோம். பள்ளிபாளையம் வருவதற்குள் நின்றது. "அப்ப வெயில் இல்லீங்க மாமா" என்றேன். அவர் சிரித்தார், அத்தை. நீங்கள் போனபின் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

உங்கள் மகனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. இந்த வயதில் அப்பாவை நடுரோட்டில் உட்காரவைக்கிறாய், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. சேலத்திலிருந்து பழைய வண்டி எடுக்கிற ஒருவரை மாதக் கடைசியில் வரச்சொல்லிவிட்டார். மாமா காதிலும் அது விழுந்தது. மறுநாள் அவர் காப்பிக்கு வரவில்லை.

அந்த வாரத்தில்தான் ஆஸ்பத்திரியில் ஒரு பெரியம்மாவுக்கு ட்ரிப்ஸ் இறங்காமல் நின்றது. சலைன் பாட்டிலின் மேல்பக்கம் ஓர் ஊசியைக் குத்தினேன். சொட்டு மறுபடி விழ ஆரம்பித்தது. தினமும் செய்கிற வேலைதான். ஆனால் அன்றைக்கு அவருடைய மகள் கேட்டாள்: "மருந்து கீழ போறக்கு மேல எதுக்குங்க சிஸ்டர் குத்தறீங்க?"

"காத்து உள்ள போனாத்தானுங்க மருந்து கீழ எறங்கும். இல்லீன்னா பாட்டிலே இழுத்துப் புடிச்சுக்கும்" என்றேன்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள்ளும் காற்று போகவேண்டும் அல்லவா? அது எந்த வழியாகப் போகிறது? வீட்டிலும் பட்டறையிலும் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று யாராவது மூடியைத் திறந்துகொண்டே இருக்கிறார்கள். ரோட்டில் நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. அங்கே மூடியின் ஓரத்தில் காற்று மெல்ல மெல்லக் கசிந்துதான் வண்டி தானாகச் சரியாகிறதோ?

ஞாயிற்றுக்கிழமை மாமாவை வற்புறுத்தித்தான் ஏற்றினேன். வழக்கமான இடத்தில் வண்டி இருமி நின்றது. பானெட் பக்கமே போகாமல் பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து சாவியைப் போட்டேன். பம்ப் பெட்ரோலை ஏற்றக் கொஞ்சம் சுற்றியது, உடனே பிடித்துக்கொண்டது.

சந்தோஷத்தில் மூடியை மாமாவிடம் காட்டினேன். உள்பக்கம் ஊசிமுனை அளவுக்கு ஒரு காற்றுத் துவாரம் இருக்கவேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஏதோ பசை காய்ந்து ஒட்டியிருந்தது. யார் இதைப் பூசியிருப்பார்கள் என்று கேட்டேன். பட்டறைக்காரர் யாரோ செய்த வேலை என்றுதான் நினைத்தேன்.

மாமா மூடியை வாங்கி அந்தப் பசையை விரலால் தடவினார். "நாந்தாஞ் சாமி அடைச்சேன்" என்றார்.

"ஏனுங்க மாமா?"

"போறதுக்கு மொத நாள் சாயந்திரம் அவதான டேங்க் நெறையப் போட்டுட்டு வந்தா. ஷெட்டுக்குப் போனா அந்த வாசம் அடிச்சுட்டே இருந்துச்சு. அவ போட்டதெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா ஆவியாப் போயிரும்னு தோணுச்சு. அதான் அடைச்சேன். அதுனாலதான் வண்டி நிக்குதுன்னு எனக்குத் தெரியாது சாமி."

செந்தில் எல்லாவற்றையும் வடித்த அன்று அவர் ஏன் உள்ளே போனார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னவென்று சொல்லிச் செந்திலைத் தடுத்திருப்பார்? புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினேன். காரில் சாய்ந்து நின்று, பசையைத் துளித்துளியாக அவரே குத்தி எடுத்தார். வாயால் ஊதிப் பார்த்தார். அவர் கண்ணைத் துடைத்தபோது நான் ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வண்டி எங்கேயும் நிற்கவில்லை. பள்ளிபாளையம் தாண்டி, ஆற்றை ஒட்டிய கிராமங்களைத் தாண்டி, ஜேடர்பாளையம் போய்த்தான் நின்றது. அணைக்கட்டில் தண்ணீர் சுமாராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நீங்கள் வழக்கமாக மீன் வாங்கும் கடைக்கார அம்மாவுக்கு காரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "என்னங்கண்ணா, ரொம்ப நாளாக் காணோம். அக்கா வண்டியிலயே உக்காந்துட்டாங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் மாமாவே சொன்னார்: "இல்லீங்க. அக்கா போய்ச் சேந்துட்டா."

அதோடு நிறுத்தவில்லை. அன்று காலையில் நீங்கள் காப்பி குடித்தது, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றது, அவர் தண்ணீர் எடுத்துவர உள்ளே போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துபோனது, ஒன்றையும் விடாமல் சொன்னார். நாங்கள் யாரும் அதுவரை அவரிடமிருந்து கேட்காதது. அந்த அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்ததில் மீன் ஒரு பக்கம் கருகிவிட்டது. வேறு போட்டுத்தருகிறேன் என்றார். வேண்டாம் என்று மாமா அதையே முழுவதும் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஷெட்டுக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. வந்து, சேலத்துக்காரருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொன்னார்.

அத்தை, ஒன்று மட்டும் எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. அருகே கடைகளுக்குப் போவதென்றால் கொஞ்சமாகத்தான் பெட்ரோல் போடுவீர்கள். போவதற்கு முதல்நாள் மட்டும் டேங்கை நிறைத்துக்கொண்டு வந்தீர்களே, எங்கே போவதாக இருந்தீர்கள்? ராசிபுரத்தில் உங்கள் தங்கை வீட்டுக்காக இருக்கும் என்கிறார் உங்கள் மகன். ஏற்காடு போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என்கிறார் மாமா. எனக்கென்னவோ நீங்கள் எங்களிடம் சொல்லாத ஓர் ஊர் என்றுதான் தோன்றுகிறது.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். மாமாவை முன்சீட்டில் உட்காரவைத்து, டேங்கை நிறைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊராகப் போகப்போகிறேன். இது என் வாக்கு. அதில் ஏதோ ஓர் ஊர் நீங்கள் போக நினைத்ததாக இருக்கும். எது என்று தெரியாமலே அங்கேயும் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வருவோம்.

பின்சீட்டிலிருந்து முன்னுக்கு வந்துவிட்ட
உங்கள் மருமகள்,
சுமதி