ஞாயிற்றுக்கிழமை வராத இழுப்பு

என் பக்கத்து மெஷினில் ஒன்பது வருஷம் நின்றுவிட்டு, இப்போது எங்கே நிற்கிறாய் என்று சொல்லாமலே போய்விட்ட சேகருக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. பழக்கம். மூச்சாவது இப்போ தாராளமா விடுறியா?

நீ போய் இரண்டு வருஷத்தில் நான் துப்பறியும் ஆளாகிவிட்டேன். ஒன்பதாவதோடு நின்ற மூளைக்கு இது கொஞ்சம் அதிகம்தான். கேஸ் இதுதான்: என் மகள் கவிதாவுக்கு மூன்று மாதமாக இருமல், நெஞ்சுக்குள் விசில் சத்தம். அவள் நம்ம கம்பெனியிலேயே பேக்கிங்கில் இருக்கிறாள். சிபாரிசு பண்ணிச் சேர்த்துவிட்டவன் நான். சூடான கம்பியால் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி டப்பாக்களைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் மெல்லிசாக ஒரு புகை நேராக முகத்துக்கு வரும்.

ஆனால் இந்தத் துப்பறிகிறவன் புகையைச் சந்தேகப்படவில்லை. முதலில் மாட்டியது பால்கனிப் புறா. விரட்டினேன். அடுத்து கொசுவத்தி. அணைத்தேன், குடும்பமே கடி வாங்கியது. அப்புறம் என் பொண்டாட்டியின் மிளகாய்த் தாளிப்பு. "இருபத்திரண்டு வருஷமா இதே தாளிப்பைத் தின்னுதானே தொப்பை வளத்தீங்க, உங்களுக்கு ஏன் இழுக்கல?" என்றாள். அந்தக் குற்றவாளியும் விடுதலை.

போன மாதம் ஓசூரில் மச்சினி மகள் கல்யாணம். கவிதா ஐந்து நாள் அங்கே இருந்தாள். ஆடினாள், ஐஸ்கிரீம் தின்றாள், ஒரு தும்மல்கூட இல்லை. திரும்பி வேலைக்குப் போன அன்று சாயங்காலமே விசில். காலண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கிறாள். திங்கள் சாயங்காலம் தொடங்குகிறது. சனிக்கிழமை வந்தால் தலையணையில் சாய முடிவதில்லை.

அப்போதுதான் உன் முகம் வந்தது, சேகர்.

நீயும் அப்படித்தானே இருந்தாய்? நம்ம மெஷினிலும் அதே பிளாஸ்டிக் புகைதானே. ஞாயிறு மைதானத்தில் ஓடி ஓடி பந்து போடுவாய். திங்கட்கிழமை இழுப்பு. "வேலைன்னா மட்டும் வீசிங் வருதாடா உனக்கு? படா கில்லாடிடா நீ!" என்று டீ நேரத்தில் உன்னை ஓட்டியது நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. சந்தேகப்பட எத்தனையோ இருந்தும், நான் சந்தேகப்பட்டது உன்னை.

நேற்று சூப்பர்வைசர் மஞ்சுநாத்திடம் லீவு கேட்கப் போனேன். கவிதாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும் என்று மட்டும்தான் சொன்னேன். என்ன வியாதி என்று வாயே திறக்கவில்லை. அவரே கன்னடத்தில், "தண்டி கணப்பா, பெங்களூர் தண்டி" என்றார். குளிராம்! வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அப்புறம் தோளில் கை போட்டு, "டாக்டர்கிட்ட பிளாஸ்டிக், அது இதுன்னு சொல்லிக் குழப்பாதே" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தக் கை என் தோளில் பட்டதே இல்லை. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தார்? உனக்கும் இதே பதிலைத்தான் கொடுத்தாரா?

அவரைச் சொல்லி என்ன. உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவன் நான். "என்ன வேலை?" என்று டாக்டர் கேட்டார். உனக்குப் பேச மூச்சில்லை. நான் முந்திக்கொண்டு, "கம்பெனி வேலை சார்" என்றேன். நம்ம ஆட்கள் எல்லாரும் சொல்வதுதானே. அவரும் அப்படியே எழுதிக்கொண்டு, பீடி குடிப்பாயா என்று உன்னைக் கேட்டார். என்ன கம்பெனி, என்ன புகை, எத்தனை மணி நேரம், எல்லாவற்றையும் அந்த ஒரு வார்த்தையில் மூடி வைத்தது நான்தானே? சொல்லியிருந்தால் உன்னை வேறு வேலைக்கு மாற்றச் சொல்லியிருப்பாரா? நீ உயிரோடு இருந்திருப்பாயா?

நாளைக் காலையில் போகிறோம். "அப்பா, வேலை போயிடும்பா, உங்களுதும் சேர்த்து" என்கிறாள் கவிதா. போகட்டும். வெட்டிய ஷீட்டில் ஒரு துண்டும், ரோலில் ஒட்டியிருந்த லேபிளும் என் டிபன் டப்பாவில் வீடு வந்து சேர்ந்துவிட்டன. எல்லார் பையையும் சோதிக்கிற மஞ்சுநாத், என் சாம்பாரைச் சந்தேகப்படவில்லை.

டாக்டர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கம்பி, புகை, கிழமை வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பேன். உன் பெயரையும் சொல்வேன். இனி அந்தப் பேக்கிங் மேஜை முன்னால் அவள் நிற்க மாட்டாள். இது உனக்கு நான் செய்து கொடுக்கும் சத்தியம்.

உன் தங்கச்சியைக் கட்டாமலே உனக்கு மச்சானாகிவிட்ட,
கோவிந்தன்