பனியன் மேல் போட்ட பழி

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
2026 ஜனவரி 11, ஞாயிறு.
இன்று எனக்கு எழுபத்து நான்கு வயதும் மூன்று மாதமும் பதின்மூன்று நாளும்.

கர்த்தருக்குள் அன்பான மகள் ஷீனாவுக்கு அம்மா எழுதுவது.

வயதை இவ்வளவு துல்லியமாகக் குறித்தது உனக்காக அல்ல. இனி எதையும் ஒத்திப்போடும் உரிமை எனக்கு இல்லை என்பதை நானே எழுத்தில் பார்த்துக்கொள்வதற்காக. இங்கே பிற்பகல், கால்கரியில் நீ உறங்கிக்கொண்டிருப்பாய். எழுதி முடித்ததும் பக்கங்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். கண் விழித்ததும் கைபேசியைத் தேடும் உன் கெட்ட பழக்கம் இன்று ஒரு நாள் உதவட்டும். கடைசி வரி வரை படிக்காமல் ஓடப் போகாதே. இதைத் தொலைபேசியில் சொன்னால் ஆகாதா என்பாய். தொலைபேசியில் நீ சிரித்துவிடுகிறாய். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துவிடுகிறேன். வியாழக்கிழமையும் அதுதான் நடந்தது.

முதலில் பனியன் விஷயம். ராஜபாளையத்தில் ஆவுடையப்பன் கடையில் ஆறு பருத்திப் பனியன்களை வாங்கி அனுப்பியது என் யோசனை. நூற்பாலை ஊர்க்காரர்களுக்குப் பருத்தியை மிஞ்சிய துணி பூமியில் கிடையாது. ஓடும்போது நீ போடுவதெல்லாம் பாலியெஸ்டர் என்று சொன்னேன். அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். “என்ன டீச்சர், பெத்த பிள்ளைக்குப் பிளாஸ்டிக் பைய மாட்டிவிட்டு ஓடச் சொல்லுதிய? இது அம்புட்டும் நம்மூருப் பஞ்சு. குளிரு கிட்ட அண்டாது” என்றார். நானும் தலையாட்டினேன். வீட்டு வேலைக்கு வரும் சண்முகத்தாய் பார்சலைக் கட்டிக்கொண்டே, “ஐஸ்கட்டி மேல ஓடுதாளாமே. வீட்டுக்குள்ள செத்த நேரம் சும்மா கெடந்தா ஆகாதாக்கும்?” என்று கேட்டாள். அவளை வாயை மூடச் சொன்னேன்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவள் நான். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று ஆண்டுதோறும் படம் வரைந்து விளக்கியிருக்கிறேன். பருத்தி வியர்வையைக் குடிக்கும். குடித்ததை எளிதில் விடாது. அது ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். காற்றும் அடித்தால் கேட்கவே வேண்டாம். பூஜ்யத்துக்குப் பதினாறு டிகிரி கீழே, நான் பெற்ற பிள்ளைக்கு ஒரு மண்பானையை மாட்டி ஓடவிட்டிருக்கிறேன். பரீட்சையில் இப்படி எழுதியவர்களை நான் மன்னித்ததில்லை.

அதனால் இந்த மூன்று நாட்களாக உட்கார்ந்து படித்தேன். உடம்பை ஒட்டி, வியர்வையை வெளியே கடத்தும் மெல்லிய துணி இருக்க வேண்டும். அதன் மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றைத் தடுக்கும் சட்டை. வாசலில் நிற்கும்போது சற்றுக் குளிரத்தான் வேண்டுமாம். அங்கேயே இதமாக இருந்தால் பத்து நிமிடத்தில் நனைந்துவிடுவாய். எதிர்காற்றில் ஓடிப்போய், திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள். கழுத்துத் துணியை மூக்கு வரை ஏற்றிவிட்டால் உள்ளே போகும் காற்று சற்றே சூடாகும். காதையும் விரலையும் மறந்துவிடாதே. வீடு திரும்பினால் யாரோடும் பேச நிற்காமல் ஈர உடையை மாற்று. எல்லாம் சரியான விதிகள். இவற்றில் ஒன்றுகூட இன்று உனக்குத் தேவைப்படப் போவதில்லை.

இங்கே மார்கழி முடியப் போகிறது. கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்பே எழுப்பிவிடுகிறது. இன்று நான் ஆராதனைக்குப் போகவில்லை. போயிருந்தால் போதகர் நலம் விசாரிப்பார், நலம் என்று சொல்லியிருப்பேன்; பழைய பொய்யை ஒப்புக்கொள்ளும் நாளில் புதிதாக ஒன்று வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

மார்கழிக் குளிர் உன் அப்பா பென்சனுக்குப் பிடித்தமானது. இந்த ஊர்க் குளிரை நீங்கள் அங்கே குளிர் என்றே சொல்லமாட்டீர்கள். ஆனாலும் காதைச் சுற்றி மஃப்ளர், மேலே ஒரு பருத்திப் பனியன், அரைக்கால் சட்டை. செண்பகத்தோப்புச் சாலையில் ஓடித் திரும்பி, வேலைக்குப் போக ஆலங்குளம் சிமெண்ட் ஆலைப் பேருந்து வருவதற்குள் குளித்து நிற்பார். டீக்கடையில் நிற்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். “பென்சன் சார், யாரு வெரட்டுதா?” என்பார்கள். “குளிருதான்லே வெரட்டுது” என்று நிற்காமலே பதில் சொல்லிவிட்டுப் போவார். அந்த மஃப்ளர் படத்தைத்தான் நீ குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாய். “அப்பாவோட ஓட்டம் எனக்கு வந்திருக்கும்மா” என்று நீ சொல்லும் ஒவ்வொரு முறையும் நான் பேச்சை மாற்றியதை நீ கவனித்திருக்கலாம்.

ஒன்பதாம் வகுப்பில் உன்னை மாவட்டத் தொடர் ஓட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நான் பள்ளிக்கே போய் உன் பெயரை எடுக்கச் சொன்னேன். வீட்டில் நீ காரணம் கேட்டபோது, வெயிலில் கறுத்துப்போனால் யார் கட்டுவார்கள் என்றேன். “எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படிச்ச வாய்தானா இது?” என்று கேட்டாய். நல்ல கேள்வி. கட்டிக்கொண்ட அலெக்ஸிடமும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாய். நான் மறுத்துப் பேசியதில்லை. மகள் என்னை மடச்சி என்று நினைப்பது, அப்போது எனக்கு மலிவான விலையாகத் தோன்றியது.

அதற்கு முந்திய கோடை விடுமுறையில் உன்னை மதுரைக்கு ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனது நினைவிருக்கிறதா? மார்பில் சில்லென்ற பசையைத் தடவி ஒரு கருவியை உருட்டினார்கள். நீ கூச்சம் தாங்காமல் சிரித்தாய். பள்ளிச் சான்றிதழுக்கு என்றேன். எந்தப் பள்ளியும் அப்படி ஒரு சான்றிதழ் கேட்பதில்லை. உன் இதயத்தைப் பார்க்கத்தான் போனோம். அப்போது ஒன்றும் இல்லை. ஆனால் வளர்ந்த பிறகும் இது வரலாம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அடுத்த முறைக்கு நான் பொய் தேடிக்கொண்டிருந்தேன். நீ அதற்குள் கல்லூரி, கல்யாணம், கனடா என்று போய்விட்டாய்.

தகப்பன் வழியில் இதயக் கோளாறு உண்டு என்றால் பெண் கேட்டு யார் வருவார்கள் என்று பயந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு, மறைத்துக் கட்டிக்கொடுத்தாள் என்று அலெக்ஸ் வீட்டார் சொல்வார்களே என்று பயந்தேன். பிறகு நீ நன்றாகத்தானே இருக்கிறாய் என்று இருந்துவிட்டேன். போன பிப்ரவரியில் உனக்கு நாற்பத்தொன்று ஆனது. உன் அப்பா எட்டாத வயது அது. அன்று தனியாக முழங்கால் போட்டு நன்றி சொல்லி, இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்று முடிவு செய்தேன். கோடையில் நீ ஓடுவதற்கு ஷூ வாங்கினாய்.

வியாழக்கிழமை நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மேடு ஏறும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சும்மா. நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி. பஸ் ஸ்டாப் கண்ணாடிக் கூண்டுக்குள்ள போயி உக்காந்துட்டேன். அதுக்குப் பொறவுதான் ஒரே நடுக்கம். எல்லாம் உன் பருத்தி செஞ்ச வேல.” நான் என்ன சொன்னேன்? இனிமேல் அந்தப் பனியனைப் போடாதே என்றேன். அதோடு வைத்துவிட்டேன்.

ஈரப் பனியன் ஆளை நடுங்க வைக்கும். மேட்டில் ஏறும்போது கண்ணை இருட்டவைக்காது. உனக்கு முதலில் கண் இருட்டியது. நடுக்கம் பிறகு வந்தது. இன்னொன்றும் இருக்கிறது. செப்டம்பரில் பாலத்தின் மேல் ஓடும்போதும் இப்படி ஆனதாகவும், சாப்பிடாமல் ஓடியதால் என்றும் போகிற போக்கில் சொன்னாய். செப்டம்பரில் குளிரும் இல்லை. பனியன் அப்போது ஆவுடையப்பன் கடை அலமாரியில் இருந்தது.

ஆகவே உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். நான் யாரிடமும் இப்படிக் கேட்டவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். ஷூவை மாட்டியிருந்தால் கழற்று. ஞாயிறுதோறும் உன்னோடு ஓடும் ஜெமியை எழுப்பாதே. என் பேரப்பிள்ளைக்குப் பதின்மூன்று வயதுதான், தூங்கட்டும். அலெக்ஸை எழுப்பி இந்தப் பக்கங்களைப் படிக்கக் கொடு. அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. இன்றே மருத்துவமனைக்குப் போ. நீ முதலில், அடுத்து ஜெமிக்கும் பார்க்க வேண்டும். நல்ல செய்தி வந்தால் அந்தக் குளிரில் நீ எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடு. கம்பளிச் சட்டை நானே வாங்கி அனுப்புகிறேன். உன்னைக் காக்கும் கர்த்தர் தம் பங்கைச் செய்வார் என்றே நம்புகிறேன். என் பங்கை இப்போதுதான் செய்கிறேன்.

அங்கே மருத்துவர், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்ததுண்டா என்று கேட்பார். அப்பா ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து இறந்தது இந்தக் கணக்கில் வராது என்று நினைத்து, இல்லை என்றுதான் நீ சொல்வாய். ஆம் என்று சொல். தகப்பனார், நாற்பது வயது, இதயத்தசை தடித்திருந்தது, ஓடக் கூடாது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மதுரையில் எச்சரித்திருந்தார்கள் என்று சொல். நெற்றியில் இருந்த காயத்தைக் காட்டித்தான் அந்தப் பாறையை நான் ஊருக்குச் சொன்னேன். அவர் அன்று ஓடை வரை போகவே இல்லை, ஷீனா. பாதி வழியில், ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தார்.

உன் அம்மா,
பரிபூரணம்